மற்றவர்

நங்கநல்லூர். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள வீடு. காலை ஐந்தரை.

பூஜையறையில் மணி இல்லை. அது கட்டிலின் தலைமாட்டில், ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. அதில் கட்டிய கயிற்றின் நுனி பெரியவரின் இடது கைக்கு எட்டும். வலது கை நான்கு வருடமாக எதையும் எட்டுவதில்லை.

மணி ஒருமுறை அடிக்கிறது.

கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் ஓர் உருவம் புரள்கிறது. முதலில் இரண்டு கைகள் தரையில் ஊன்றுகின்றன. பிறகு ஒரு முட்டி. சற்று நேரம் எதுவும் நடப்பதில்லை. பிறகு இன்னொரு முட்டி. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உருவம் நிமிர்கிறது.

"இதோ வந்துட்டேன்பா."

பெரியவருக்கு 82. பேச்சில் மிச்சமிருப்பவை மூன்று சொற்கள். "ம்மா", "போதும்", "வேண்டாம்". முப்பது வருடம் வங்கியில் கடன் மனுக்களைப் பரிசீலித்தவர். மூன்றில் இரண்டு சொற்கள் அப்போதே நன்றாகப் பழகியவை.

எழுந்து நிற்கும் பெண் ஒல்லி. முடி கறுப்பு. மிகவும் கறுப்பு. வகிட்டில் மட்டும் நூல் பருமனுக்கு ஒரு வெள்ளைக்கோடு. ஆணியில் மாட்டியிருக்கும் நீல நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். நாடாவின் முனையில் ஏஜென்சி அட்டை. படம், பெயர், கேர் டேக்கர், வயது 48.

வாசல் வாட்ச்மேனுக்கு அவர் ஆயா. நியூ ஜெர்சியில் இருக்கும் மகனுக்கு நர்ஸ். ஏஜென்சி போனில் சிஸ்டர். சொந்த ஊரில், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர். பெரியவருக்கு, ம்மா.

மூத்திரப் பை கட்டிலின் பக்கச் சட்டத்தில் தொங்குகிறது. குனிந்து அளவுக்கோட்டைப் பார்க்கிறார். 450. பையைக் காலி செய்து, கை கழுவி, மேசை மேல் இருக்கும் நீள நோட்டைத் திறக்கிறார். ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். மருமகள் போன கோடையில் வந்தபோது போட்டுவிட்டுப் போனவை. தலைப்புகள் ஆங்கிலத்தில். அவற்றின் மேல் பென்சிலில் சின்னச் சின்னப் படங்கள். ஒரு சொட்டு. ஒரு மாத்திரை. ஒரு தட்டு. ஓர் அம்புக்குறி. இவை மருமகள் போட்டவை அல்ல.

சொட்டுக்குக் கீழே 450 என்று எழுதுகிறார்.

அம்புக்குறிக் கட்டம்தான் நீளமானது. இரவு 12 மணிக்கு வலது. 2 மணிக்கு மேல். 4 மணிக்கு இடது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவக்கும். சிவந்தது கறுக்கும். கறுத்தது பிளக்கும். காற்று மெத்தையின் மோட்டார் விடாமல் முனகுகிறது. ஒரு வரிசைக் குமிழ்கள் நிறைய, அடுத்த வரிசை வற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் முறை மாறுகிறது. மெத்தை தன் பங்கைச் செய்கிறது. மெத்தைக்கு மாதம் ஒருநாள் லீவு கேட்கும் பழக்கம் இல்லை.

"இப்ப வலது பக்கம் திரும்பப் போறோம்பா."

சொல்லிவிட்டுத்தான் தொடுகிறார். பெரியவரின் அடியில் மடித்துப் போட்ட வேட்டியின் ஓரத்தை இரண்டு கைகளாலும் சுருட்டிப் பிடிக்கிறார். முட்டியை மடக்குகிறார். முதுகை மடக்குவதில்லை. ஒரு மூச்சு. உடம்பு புரள்கிறது. முதுகுக்குப் பின்னால் தலையணை. இரண்டு முட்டிகளுக்கு நடுவே இன்னொன்று.

"வலிக்குதாப்பா?"

"வேண்டாம்."

வலிக்கவில்லை என்று அர்த்தம். வேறு நேரத்தில் வேறு அர்த்தம்.

ஷோகேஸ் மேல் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கேமரா. கேமராவில் சிவப்புப் புள்ளி. மின்விசிறி காற்றில் பொம்மை எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது. கேமரா எதற்கும் ஆட்டுவதில்லை.

வாளியில் வெந்நீர் வருகிறது. ஸ்பாஞ்ச், சோப்பு, இரண்டு துண்டுகள். துண்டுகளில் ஒன்று கேமராவின் மேல் போகிறது.

அரை நிமிடத்தில் போன் அடிக்கிறது. அங்கே முந்தின நாள் இரவு, சாப்பாட்டு நேரம்.

"ஏன் இருட்டா இருக்கு?"

"அப்பாவக் குளிப்பாட்டுறேன் சார்."

"ஓ. சரி, சரி."

தினமும் இதே நேரத்தில் இதே கேள்வி. துண்டும் மாறுவதில்லை.

*

வடபழனி. முதல் மாடி. ஏஜென்சி ஆபீஸ். ஒரு மரப்பெஞ்சு. ஐந்து பெண்கள், ஐந்து பைகள்.

பைகளில் இரண்டு புடவை, ஒரு நைட்டி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். தட்டும் டம்ளரும் அவசியம். சில வீடுகளில் தருவதில்லை. சில வீடுகளில் தருவதைத் தனியாக வைக்கிறார்கள்.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண், இரண்டு போன், ஒரு ரெஜிஸ்டர்.

"மேல் பேஷண்டா, ஃபீமேல் பேஷண்டா சார்? நடப்பாங்களா? டயபரா, யூரின் பேகா? வெயிட் எவ்வளவு இருப்பாங்க?"

எடை என்றதும் பெஞ்சு நிமிர்கிறது.

"எண்பத்தஞ்சு கிலோ" என்று மேசை சத்தமாகச் சொல்லி எழுதுகிறது. இரண்டு பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். மூன்றாமவர் பையின் கைப்பிடியைச் சரி செய்கிறார். நான்காமவருக்கு இருமல் வருகிறது. ஐந்தாமவர் புதிது. எழுந்து நிற்கிறார்.

வேலை இரண்டு வகை. 12 மணி நேரம், 24 மணி நேரம். இருபத்துநாலு என்றால் சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. படுக்கை என்றால் பாய். லீவு போட்டால் மாற்று ஆள் போவார். மாற்று ஆள் நன்றாக அமைந்துவிட்டால் லீவு நீண்டுவிடும்.

புதிதாக வந்தவருக்கு ஒரு விண்ணப்பம். மேசை கேட்டுக் கேட்டு நிரப்புகிறது. முன் அனுபவம் என்ற கட்டத்தில் பேனா நிற்கிறது.

"எங்கயாவது வேலை பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

இல்லை என்று எழுதப்படுகிறது. மாமியார் ஆறு வருடம் படுக்கையில் இருந்த கதையை அவர் பக்கத்துப் பெண்ணிடம் பிறகு சொல்கிறார். புண் வராமல் பார்த்துக்கொண்டதாகவும் சொல்கிறார். மேசையில் அதைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

சுவரில் கணினி எழுத்தில் ஒரு தாள். வேலைக்குப் பெண்கள் தேவை. வயது 25 முதல் 50 வரை.

மாடிப்படிக்குக் கீழே பெட்டிக்கடை. ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அவற்றுக்கு முன்னால், கைக்கு எட்டும் இடத்தில், தலைக்கு அடிக்கும் டை பாக்கெட்டுகள். அந்தச் சரம்தான் சீக்கிரம் குட்டையாகிறது. கடைக்காரர் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. இன்றைக்கு வாங்கிப் போகிறவர் நாளைக் காலை பத்து வயது குறைந்து மாடியேறுவார்.

*

நங்கநல்லூர் வாசலில் கால்டாக்ஸி. ஓட்டுநர் இறங்கி டிக்கியைத் திறந்துவிட்டு, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிறார்.

"நீங்க கதவ மட்டும் புடிங்க தம்பி."

சக்கர நாற்காலி பெரியவரின் இடது பக்கம் காருக்கு நெருக்கமாக வருகிறது. உயிருள்ள பக்கம் முதலில் போக வேண்டும். பிரேக் இரண்டும் போடப்படுகின்றன. இன்னொரு வேட்டி நான்காக மடிந்து பெரியவரின் இடுப்பைச் சுற்றுகிறது. அதைப் பிடித்துத் தூக்குகிறார். பெரியவரின் நெற்றி ஒரு கணம் அவர் தோளில் சாய்கிறது. பூஜை நேரம் தவிர வேறெப்போதும் தலை குனியாத மனிதர் என்று குடியிருப்பில் சொல்வார்கள்.

"ரெண்டு, மூணு, அவ்ளோதான்."

உள்ளே உட்கார்ந்தாகிவிட்டது. ஓட்டுநர் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கிண்டி. கிங் இன்ஸ்டிடியூட் வளாகம். அம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் எழுந்த இடம். குழந்தைகள் பிழைப்பதற்கான வேலை இங்கே நடந்தது. பிழைத்தவர்கள் இப்போது சக்கர நாற்காலியில் வருகிறார்கள்.

தேசிய முதியோர் நல மருத்துவமனை. திறப்பு 25.02.2024. 200 படுக்கைகள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு. நியூ ஜெர்சி மகன் அரசு ஆஸ்பத்திரி என்றதும் தயங்கியவர். அடுத்த வீட்டுக்காரர் கட்டடத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகு சம்மதித்தார்.

சாய்தளம். சக்கரங்கள் ஏறுகின்றன. தள்ளுகிறவரின் செருப்பு ஒருமுறை வழுக்குகிறது. நாற்காலி அரை அடி பின்னால் வருகிறது. இடுப்பைக் கொடுத்து நிறுத்துகிறார்.

சீட்டு போடும் இடத்தில் கணினிக்குப் பின்னால் ஓர் இளைஞர். நிமிர்ந்து பார்க்கிறார். நாற்காலியில் இருப்பவரையும் நிற்பவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"உங்க அப்பாவா?"

"இல்ல. அப்பா."

இளைஞர் ஆதார் எண்ணைத் தட்டுகிறார்.

*

காத்திருக்கும் கூடம். வரிசை வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள்.

ஒரு தம்பதி. கணவர் மூன்று மூக்குக்கண்ணாடிகளை மடியில் வைத்துக்கொண்டு எது படிக்க, எது நடக்க என்று தேடுகிறார். நான்காவது நெற்றியில் இருக்கிறது. மனைவி பார்த்துவிட்டார். சொல்லவில்லை.

மஞ்சப்பையுடன் ஒரு பாட்டி. பையில் மாத்திரை அட்டைகள். எல்லாவற்றையும் நாற்காலியில் கொட்டி, வெள்ளை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், பாதி வெள்ளை பாதி சிவப்பு ஒரு பக்கம் என்று பிரிக்கிறார். நான்கு டாக்டர்கள் எழுதியவை. ஒரு டாக்டர் எழுதியது இன்னொரு டாக்டருக்குத் தெரியாது. பாட்டிக்கு எல்லாமே நிறமாகத் தெரியும்.

சட்டைப் பையில் பஸ் டோக்கன் வைத்திருக்கும் ஒருவர். மாதத்துக்கு 10. மீதி எத்தனை என்று எண்ணுகிறார். ஆறு. இன்றைக்குத் தேதி ஒன்பது. மறுபடியும் எண்ணுகிறார். ஆறுதான். முகம் தெளிகிறது.

"இதெல்லாம் இப்ப வந்தது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார். "ஜி.ஹெச்.லதான் மொதல்ல முதியோருக்குன்னு தனியா ஓ.பி. ஆரம்பிச்சாங்க. 1978. வி.எஸ்.நடராஜன் டாக்டர். இந்தியாவுலயே அதான் மொதல். நான் அப்ப எங்கப்பாவக் கூட்டிட்டுப் போவேன்."

"இப்ப உங்க கூட யார் வந்திருக்கா?"

"டோக்கன் இருக்கே."

சுவரில் ஓர் அறிவிப்பு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. ஒரு பெரியவர் அதை எழுத்துக்கூட்டி, கூடத்துக்கே கேட்கும்படி வாசிக்கிறார். பிள்ளைகள். பராமரிக்க. கடமைப்பட்டவர்கள். மாதம். பத்தாயிரம். ரூபாய். வரை. பக்கத்தில் மகன். போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அப்பா, மெதுவா."

"கண்ணு தெரியல. அதான் சத்தமாப் படிக்கிறேன்."

இரண்டாவது முறையும் படிக்கிறார். அறிவிப்பின் கீழே உதவி எண், 14567. அதை மட்டும் மனதுக்குள் படித்துக்கொள்கிறார். உதடு அசைகிறது.

நங்கநல்லூர் நாற்காலி தூண் ஓரம். பெரியவரின் வாயோரம் எச்சில் இறங்குகிறது. அது தாடைக்கு வருமுன் துண்டு வந்துவிடுகிறது. துண்டைப் பிடித்திருப்பவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சமூகப்பணி படிக்கும் மாணவி ஒருத்தி வருகிறாள். கையில் அட்டை, அட்டையில் கேள்வித்தாள். முதல் பக்கத்தில் முன்னுரை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 கடந்தவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 8.6, தமிழகத்தில் 10.4. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள்.

"தாத்தாவ வீட்ல முக்கியமா பார்த்துக்கறது யாரு?"

தாளில் கட்டங்கள். மனைவி. மகன். மகள். மருமகள். பேரன் அல்லது பேத்தி. மற்றவர்.

"நான்தான் பாப்பா."

"நீங்க தாத்தாவுக்கு என்ன ஆகணும்?"

பதில் வரவில்லை. பேனா கட்டங்களின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து கடைசிக் கட்டத்தில் டிக் போடுகிறது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்த்துக்கறீங்க?"

"எந்த நேரம் பார்க்காம இருக்கேன்னு கேளு பாப்பா, சொல்றேன்."

தாளில் அந்தக் கேள்வி இல்லை. மாணவி 24 என்று எழுதுகிறாள். அடுத்தது பராமரிப்பவரின் வயது. மாணவியின் கண் நீல நாடாவில் இறங்கி அட்டையில் நிற்கிறது. கேட்காமலே எழுதிக்கொள்கிறாள். 48.

*

உடற்பயிற்சிக் கூடம். தரையில் இரண்டு கோடுகள். நடுவே மூன்று மீட்டர். ஒரு முனையில் நாற்காலி.

எழ வேண்டும், மூன்று மீட்டர் நடக்க வேண்டும், திரும்பி வந்து உட்கார வேண்டும். ஸ்டாப்வாட்ச் ஓடும். 12 வினாடியைத் தாண்டினால் விழுகிற ஆபத்து அதிகம் என்று கணக்கு. மஞ்சப்பைப் பாட்டி எழுகிறார். புடவையைச் சரி செய்கிறார். கொண்டையைத் தொட்டுப் பார்க்கிறார். நாலுபேர் பார்க்க நடப்பதென்றால் சும்மாவா. நடை தொடங்குமுன்பே எட்டு வினாடி போய்விடுகிறது.

டாக்டர் அறை. கதவு பாதி திறந்திருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் பெரியவரின் நாற்காலி. கதவருகே நீல நாடா.

"நான் மூணு வார்த்தை சொல்றேன் சார். ஞாபகம் வெச்சுக்குங்க. வாழைப்பழம். சூரியன். நாற்காலி."

பிறகு ஒரு வெள்ளைத்தாள். கடிகாரம் வரையச் சொல்கிறார். இடது கை பென்சிலைப் பிடிக்கிறது. வட்டம் வருகிறது. கிட்டத்தட்ட வட்டம். எண்கள் ஒரே பக்கமாகக் குவிகின்றன. 12, 1, 2, 3, 4, எல்லாம் இடது ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. வலது பாதி காலி.

"இப்ப அந்த மூணு வார்த்தை என்ன சார்?"

பெரியவர் யோசிக்கிறார். நெற்றியில் பழைய மேலாளர் தெரிகிறார்.

"ம்மா."

டாக்டர் காத்திருக்கிறார்.

"போதும்."

கதவருகே ஓர் உதடு சத்தமில்லாமல் அசைகிறது. வாழைப்பழம், சூரியன், நாற்காலி. மூன்றும் வரிசை மாறாமல்.

*

ஆலந்தூர் ரோடு. கிண்டியின் இன்னொரு பக்கம். ஒருங்கிணைந்த வேலைவாய்ப்பு அலுவலக வளாகம்.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இங்கே இருக்கிறது. 1978ல் தொடங்கியது. படிக்கட்டில், மர நிழலில், பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்தபடி பெண்கள். நர்சிங் படித்தவர்கள். 22, 23, 24. இங்கே யாரும் வயதைக் குறைத்துச் சொல்வதில்லை.

ஒருத்தி ஜெர்மன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறாள். இன்னொருத்தி ஜப்பான் மொழியில் முணுமுணுக்கிறாள். அவள் போகப் போகிற வேலைக்கு அந்த மொழியில் கைகோ என்று பெயர். முதியோர் பராமரிப்பு. ஜப்பானில் நூற்றுக்கு 29 பேர் 65ஐக் கடந்தவர்கள். தூக்கிவிட ஆள் போதவில்லை. 2019 ஏப்ரலில் ஒரு புது விசா வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து செய்யலாம் என்ற தொழில்களில் இதுவும் ஒன்று. மொழித் தேர்வு உண்டு. தொழில் தேர்வும் உண்டு.

கூட வந்த அப்பா தூணில் சாய்ந்து நிற்கிறார். மகள் அவரை ஒத்திகைக்கு இழுக்கிறாள்.

"ஒகோஷிமாஸ்."

"அப்படின்னா?"

"உங்கள எழுப்பப் போறேன்னு அர்த்தம். சொல்லிட்டுத்தான் தொடணும்ப்பா. சொல்லாம கை வெச்சா மார்க் போயிடும்."

அப்பாவின் இடுப்பில் கை வைக்கிறாள். முட்டியை மடக்குகிறாள். முதுகை மடக்குவதில்லை. வகுப்பில் இதைப் பொம்மை மேல் செய்து பழகுகிறார்கள். பொம்மைக்கு எடை குறைவு. எச்சில் ஒழுகாது.

"இதாக்கு நை தெஸ் கா?"

"இது என்ன?"

"வலிக்கலையே?"

"எனக்கு எதுக்கு வலிக்கப்போகுது? அறுபதுகூட ஆகல."

ஃபைலில் இருந்து ஒரு தாள் நழுவி விழுகிறது. அவர் குனிந்து எடுக்கிறார். நிமிரும்போது ஒரு கை இடுப்புக்குப் போகிறது. மகள் கவனிக்கவில்லை. அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாள்.

*

மறுபடியும் மருத்துவமனை. எடை மேடை.

பெரியவரால் தனியாக நிற்க முடியாது. பிடித்துக்கொண்டால் பத்து வினாடி நிற்பார். நர்ஸ் யோசிக்கிறார். குழந்தைகளுக்குச் செய்கிற வழி ஞாபகம் வருகிறது.

"ரெண்டு பேரும் ஏறுங்க."

இடுப்பு வேட்டியைப் பிடித்தபடி இருவரும் மேடையில் நிற்கிறார்கள். நடனத்துக்கு நிற்பது போல இருக்கிறது. பெரியவரின் இடது கை அவர் தோளில். எண்கள் ஓடி நிற்கின்றன. 117.

பெரியவர் நாற்காலிக்குத் திரும்புகிறார்.

"இப்ப நீங்க மட்டும்."

49.

நர்ஸ் தாளின் ஓரத்தில் கழிக்கிறார். 68. அதைக் கட்டத்தில் எழுதுகிறார். ஓரத்தில் இருக்கும் 49ஐ அடித்துவிடுகிறார்.

அடுத்தது ரத்த அழுத்தம். பட்டை பெரியவரின் இடது கையில் சுற்றப்படுகிறது. காற்று ஏறி இறங்குகிறது. 130/80. நல்ல எண். நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுகிற மனிதரின் எண்.

பட்டையைக் கழற்றுகிற நேரம். கூட நிற்பவர் நகரவில்லை. அட்டையைத் திருப்பிவிடுகிறார். வெள்ளைப் பின்பக்கம் தெரிகிறது. பிறகு கையை நீட்டுகிறார். கேட்கவில்லை. நீட்டுகிறார்.

நர்ஸ் வரிசையைப் பார்க்கிறார். கையைப் பார்க்கிறார். பட்டையைச் சுற்றுகிறார்.

160/100.

"மாத்திரை எடுக்கறீங்களா?"

"ஊர்ல குடுக்கறாங்க."

"இங்க எடுக்கறீங்களான்னு கேக்கறேன்."

மௌனம்.

"சீட்டு போட்டுட்டு டாக்டரப் பாருங்க. வயசு என்ன?"

அவர் திரும்பிப் பெரியவரைப் பார்க்கிறார். பெரியவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவைப் பார்க்கிறார். கதவில் யாருமில்லை.

"அறுபத்தொண்ணு."

நர்ஸின் கண் வகிட்டுக்குப் போகிறது. வெள்ளை நூலில் ஒரு கணம் நின்று இறங்குகிறது.

"அப்ப இங்கயே பார்க்கலாம்மா. ஆதார் இருக்கா?"

ஆதார் இருக்கிறது. புடவை மடிப்புக்குள், சுருக்குப்பையில். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. திருப்ப வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். காத்திருப்புக்கு மீட்டர் ஓடும். அந்தக் கணக்கு நியூ ஜெர்சிக்குப் போகும்.

"அடுத்த தடவை வரப்ப பார்த்துக்கறேன்மா."

அட்டை மறுபடியும் திரும்புகிறது. 48.

*

பிற்பகல். நங்கநல்லூர். வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரைந்திருக்கிறது.

கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருக்கிறது. குழைந்த சோறு, ரசம், மசித்த பூசணிக்காய். ஸ்பூன் இடது கன்னத்தின் பக்கமாகப் போகிறது. வலது கன்னத்தில் சோறு நின்றால் பெரியவருக்குத் தெரியாது.

"மோவாயக் கீழ எறக்குங்கப்பா. ஆங். இப்ப முழுங்குங்க."

தொண்டைக்குழி அசைகிறது. அசைந்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். முப்பத்தெட்டு ஸ்பூன். ஐம்பது நிமிடம். சாப்பிட்ட பிறகும் அரைமணி சாய்க்கக் கூடாது. இந்த அரைமணியில் ஸ்பூனைக் கழுவி, சமையலறை மூலையில் நின்றபடி, தன் தட்டை எடுத்துக்கொள்கிறார். நான்கு நிமிடம்.

போன். ஊரிலிருந்து நாத்தனார். திருக்கோவிலூர் பக்கம். ஸ்பீக்கரில் கோழிச் சத்தம் கேட்கிறது.

"அண்ணி, பிரஷர் பார்க்கற பொண்ணு வந்துச்சு. ஒங்க ஊடு பூட்டிக் கெடக்குதுன்னு எங்கிட்ட கேட்டுச்சு."

மக்களைத் தேடி மருத்துவம். 05.08.2021ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. தன்னார்வலர் பெண் ஒரு பையோடு வீடு வீடாக வருவார். அழுத்தம் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், இரண்டு மாத மாத்திரையைக் கையில் கொடுப்பார். கடைக்கோடி வீடு வரைக்கும் வருவார். பூட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டும் போவார்.

"மாத்திரையக் குடுத்துச்சா?"

"போன தடவ குடுத்ததே எம் பொட்டியில இருக்கு. யாராச்சும் மெட்ராசு வந்தா குடுத்தனுப்புறேன்."

"சரி."

"ஒனக்கு அங்க ஆஸ்பத்திரியிலயே குடுக்க மாட்டாங்களா அண்ணி? அங்கதான வேல?"

"குடுப்பாங்க. குடுப்பாங்க."

இரண்டரைக்கு மாத்திரைப் பெட்டி திறக்கிறது. ஏழு வரிசை, வரிசைக்கு நான்கு அறை. இன்றைய அறையில் ஆம்லோடிபின் 5. காலையில் கொடுத்திருக்க வேண்டியது. ஆஸ்பத்திரிக்குப் போன அவசரத்தில் தங்கிவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். சின்னது. வெள்ளை. ஊர்ப் பெட்டியில் இருப்பதும் இதே மாத்திரை. அதே 5.

ஷோகேஸ் மேல் சிவப்புப் புள்ளி எரிகிறது. தலையாட்டிப் பொம்மை தலையாட்டுகிறது.

மாத்திரை பொடியாகிறது. ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைகிறது. இடது கன்னத்தின் வழியே உள்ளே போகிறது.

நோட்டில், மாத்திரைப் படத்துக்குக் கீழே, 2.30.

*

மாலை. குடியிருப்பின் சிமெண்ட் பெஞ்சு. நான்கு சக்கர நாற்காலிகள் வட்டமாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. நாற்காலிகளில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். நான்கு பேரும் ஒரு காலத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தவர்கள். இப்போதும் பேசுவதில்லை. தள்ளி வந்த நான்கு பெண்கள் பேசுகிறார்கள்.

"எங்க வீட்டம்மாவுக்கு நேத்து மோஷன் போச்சு. நாலு நாள் கழிச்சு. பொண்ணு லண்டன்லேர்ந்து அழுதுட்டா, சந்தோஷத்துல."

"எங்க தாத்தா என்னையப் பொண்டாட்டின்னு நெனச்சுத் திட்டுறாரு."

"சம்பளத்துல சேத்துக் கேளு."

சிரிப்பு. நாற்காலி ஒன்றிலும் சிரிப்பு போல ஒரு சத்தம்.

ஒருத்தி முழங்காலை நீவிக்கொள்கிறாள். இன்னொருத்தி சுருக்குப்பையில் இருந்து தைலம் எடுத்துக் கொடுக்கிறாள். தைலம் நான்கு பேரையும் சுற்றி வருகிறது. யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

"இவளே, வகிடு வெளுத்துடுச்சு பாரு. ஆபீஸ்காரி வந்து பார்க்கறதுக்குள்ள அடிச்சுடு."

"ஞாயித்துக்கிழம."

*

இரவு. பத்து. கேமராவுக்கு இருட்டிலும் கண் தெரியும். நோட்டு சமையலறைக்குப் போகிறது. அங்கே கேமரா இல்லை.

கடைசிப் பக்கம். மருமகள் போட்ட கோடுகள் இங்கே வரவில்லை. பென்சிலில் சில எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. 150/90. 150/100. 140/90. தேதி இல்லை, பெயர் இல்லை, தலைக்கு மேல் படமும் இல்லை. புதிதாக ஒன்று சேர்கிறது. 160/100.

பென்சில் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது. பக்கத்தில் 49 என்று எழுதுகிறது.

இரண்டு மணி. மணி அடிக்கவில்லை. அடிக்க வேண்டியதும் இல்லை. பாயிலிருந்து முதலில் கைகள், பிறகு ஒரு முட்டி, பிறகு இன்னொன்று.

"இப்ப எடது பக்கம் திரும்பப் போறோம்பா."

பெரியவர் விழித்திருக்கிறார். வேட்டியின் ஓரம் சுருட்டப்படுகிறது. இடது கை மெதுவாக எழுந்து வருகிறது. கயிற்றைத் தேடுவது போல இருக்கிறது. கயிற்றைத் தாண்டி வருகிறது. குனிந்த தலையின் வகிட்டில் விரல் படுகிறது. நூல் போன இடத்திலேயே போகிறது.

"போதும்."

"இன்னும் கொஞ்சம்தான்பா."

ஒரு மூச்சு. உடம்பு புரள்கிறது. முதுகுக்குப் பின்னால் தலையணை. முட்டிகளுக்கு நடுவே இன்னொன்று. மெத்தையில் ஒரு வரிசை நிறைய, ஒரு வரிசை வற்றுகிறது.

நோட்டில் ஓர் அம்புக்குறி. இடது.

விளக்கு அணைகிறது. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி ஒரு முட்டி கீழே போகிறது. பிறகு இன்னொன்று. பிறகு கைகள். ஜன்னல் கம்பியில் கயிறு கொஞ்ச நேரம் ஆடுகிறது.